அக்குள் கட்டையும் ஒரு தாழ்ப்பாளும்

எனக்குப் பத்து வயதில் இடது காலில் ஆபரேஷன் ஆனது. பிறந்ததிலிருந்தே அந்தப் பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. விளிம்பை ஊன்றித்தான் நடப்பேன். செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேயும். முழுப்பரீட்சை லீவில் கூட்டிவரச் சொன்னார்கள். வெட்டி நிமிர்த்தி, முட்டி வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது, பட்டால் மறுபடி வெட்ட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவிடம் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்தபடி சொன்னார்.

வலியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வலித்தது, போய்விட்டது. நான் சொல்ல வந்தது கக்கூஸுக்குப் போனதைப் பற்றி.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அடுத்தடுத்து ஐந்து வீடு. ஒவ்வொன்றும் ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. முதல் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். கடைசி வீடு எங்களுடையது. ஐந்து வீட்டுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரு கக்கூஸ். எங்கள் வாசலில் இறங்கி, சந்தில் நடந்து, அடிபம்பைத் தாண்டி, உயரமான ஒரு படி ஏற வேண்டும். நல்ல காலில் பதினாறு எட்டு வைத்தால் போய்விடலாம்.

அம்மா சேலையூர் பக்கம் ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்தாள். காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு மேல்தான் வருவாள். அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. அவரும் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள மாமா இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டினார். இரண்டு சவாரிக்கு ஒரு தடவை வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போவார்.

கக்கூஸில் அப்பா ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். மாமா என்னை அதில் இறக்கிவிட்டு வெளியே நிற்பார். கதவைச் சாத்த விடமாட்டார். நான் விழுந்துவிடுவேன் என்று பயம். கதவு பாதி திறந்திருக்கும். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டு நிற்பார். நடுநடுவே "ஆச்சா பாப்பா?" என்பார். பம்பில் தண்ணீர் அடிக்கிற பெண்களும் கேட்பார்கள். "இன்னும் ஆவலியா?"

மாமா நல்லவர். அவர் மேல் குறை இல்லை. ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது.

அம்மா போகும்போது என் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். கத்திரி வெயில். நான் அதைத் தொடமாட்டேன். சாயங்காலம் அம்மா வருவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவேன். விடியற்காலையில் அம்மா தூக்கிக்கொண்டு போவாள். பிறகு சாயங்காலம் அம்மா. நடுவில் ஒன்றும் கிடையாது. மாமா ஊரெல்லாம் சொன்னார்.

"எங்க பாப்பா தங்கம். இன்னா ஒரு தொல்ல கிடையாது. கேட்டா வேணாம் மாமாங்கிது."

எனக்குப் பெருமையாக இருந்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். மத்தியானத்துக்கு மேல் தலை சுற்றும். அதெல்லாம் தாங்கக்கூடியதுதான் என்று நினைத்தேன். பிறகு போகும்போது எரிந்தது. அதையும் சொல்லவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றார். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள்.

"ஏம்மா, உங்க ஜன்னல்லேர்ந்து யாரு தண்ணி ஊத்துறது? நாலு நாளா மொளகா காயவக்கிறேன். நாறிக்கினு கீது."

"அங்க என் பொண்ணு ஒண்ணுதான் படுத்துகினு கீது. அது ஏன் ஊத்தப் போவுது?"

"அப்ப மழ பேஞ்சிச்சா? என் மொளகா மேல மட்டும்?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். வீட்டுக்கார அம்மாவிடம் வேறு மிளகாய் வாங்கித் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சாதாரணமாக அடிப்பாள். அன்று அடிக்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லாமலே அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன். அவள் எழுந்துபோய் மோர் கரைத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கிறவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தாள். கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடமும் மாமாவிடமும் விஷயத்தைச் சொன்னாள். மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆஸ்பத்திரில படுத்தவாக்குல வப்பாங்களே அந்த பெட்பேனு, அத்த ஒண்ணு வாங்கியாந்தா போச்சு. வூட்டுக்குள்ளயே முட்ச்சிக்கலாம்."

"எந்த வூட்டுக்குள்ள?" என்றாள் அம்மா. "இதுக்குள்ளயா? நீ அங்க, அவரு இங்க, அவ நட்டநடுவுலயா?"

"அப்ப இன்னாதான் பண்ணலாம்கிற?" என்றார் அப்பா.

"அவ தானா போவணும். தானா வரணும். கதவ சாத்தித் தாழ்ப்பா போட்டுக்கணும். அதுக்கு இன்னா சாமான் வேணுமோ, அத்தப் பாருங்க."

"கால வக்கக்கூடாதுன்னு டாக்டரு..."

"வச்சிப் போவட்டும்னு நான் சொன்னனா?"

அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மறுநாளே மாமா ஒரு சாமான் கொண்டுவந்தார். வீல்சேர். குரோம்பேட்டையில் அவர் ஆட்டோவில் வழக்கமாக வருகிற ஒருவர் வீட்டில் சும்மா கிடந்ததாம். ஆட்டோவின் பின்சீட்டில் தலைகீழாக அதை வைத்து, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். சந்தில் இறக்கி வைத்ததும் ஐந்து வீட்டு ஜனமும் கூடியது.

"பிளஷர் காரு மாரி கீது பாரு. பாப்பா இனிமே மகாராணி."

என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தள்ளினார். பம்பு வரைக்கும் போனது. பம்புக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம் இருந்தது. பம்புக்கும் டிரம்முக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். வீல்சேர் அங்கே நின்றது. மாமா பின்னால் இழுத்து முன்னால் தள்ளினார். டிரம்மில் பள்ளம் விழுந்தது.

"டிரம்ம நவுத்தலாம்ல?" என்றார்.

"நவுத்து. அப்பால அந்தப் படிய இன்னா பண்ணுவ? அதயும் நவுத்துவியா?" என்றாள் அம்மா.

இரண்டு நாள் அந்த வண்டி சந்தில் நின்றது. பிள்ளைகள் முறை வைத்து ஏறினார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கார அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். அவருக்கு முட்டிவலி. எல்லோருக்கும் பயன்பட்டது, எனக்குத் தவிர. மூன்றாம் நாள் மாமா அதைத் திருப்பிக் கொண்டுபோனார். போகும்போது ஹாரன் அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா லீவு போட்டாள். லீவு போட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடுகூட வேலைக்குப் போகிறவள். காலையில் ஒரு பாவாடை நாடாவை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனாள். கதவு அகலத்தை நாடாவில் பிடித்து ஒரு முடிச்சு போட்டாள். படி உயரத்துக்கு ஒரு முடிச்சு. பிறகு என்னைச் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி, தரையிலிருந்து அக்குள் வரைக்கும் பிடித்து இன்னொரு முடிச்சு. அந்த நாடாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனாள்.

அந்தச் சந்தையில் கிடைக்காதது கிடையாது. கோழிக்குஞ்சு, ரோஜாச் செடி, பழைய ஃபேன், ஒற்றை ஷூ, எல்லாம் வெயிலில் பரப்பியிருக்கும். மாமா என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் நடந்தார். பழைய கட்டில்களும் ஆஸ்பத்திரிச் சாமான்களும் போட்டிருந்த ஒருவரிடம் அம்மா நின்றாள். அவர் குடைக்குக் கீழே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என் மாவுக்கட்டைப் பார்த்ததும் நான்கு கால் வாக்கர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இத்த எட்துக்கோம்மா. நாலு காலு. வுழவே வுழாது."

அம்மா நாடாவை எடுத்து வாக்கரின் அகலத்தை அளந்தாள். கதவு முடிச்சுக்குள் அடங்கியது.

"படி ஏறுமா?"

"படியெல்லாம் ஏறாதும்மா. சமதரைல ராஜா மாரி போவும்."

"எங்க வூட்டு ராஜாக்கு கக்கூஸு படி மேல கீது."

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் முதுகு குலுங்கியது. கடைக்காரர் சிரிக்காமல் வாக்கரைத் தள்ளிவைத்துவிட்டு, குவியலுக்குள் கையை விட்டு அக்குள் கட்டைகளை உருவினார். மரக்கட்டை. இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

அம்மா சின்ன ஜோடியில் நாடாவை வைத்தாள். என் முடிச்சுக்குச் சரியாக இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய ஜோடியை எடுத்தாள். முடிச்சுக்கு மேல் நான்கு விரல் வைத்துப் பார்த்தாள். "இத்தக் குடு," என்றாள்.

"பாப்பாக்குச் சின்னதுதாம்மா கரீட்டு."

"வளர்ற புள்ள. சின்னத வாங்கினா நாளிக்குப் பத்தாது."

"யக்கா, ஆறு வாரம்தானக்கா. அதுலயும் ரெண்டு வாரம் போய்ட்ச்சி," என்றார் மாமா.

"நீ சும்மா இருடா."

எங்கள் வீட்டில் அப்படித்தான். யூனிஃபார்ம் வாங்கினால் தோள் தொங்கும், கீழே அரை சாண் மடித்துத் தைத்திருக்கும். செருப்பு வாங்கினால் முன்னால் துணி அடைத்துப் போடுவேன். எதை வாங்கினாலும் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வாங்குவார்கள். சரியான அளவில் ஒரு பொருள் என்னிடம் இருந்ததே இல்லை. அளவு சரியாகும்போது அது கிழியும் நிலையில் இருக்கும்.

அன்று சாயங்காலமே நடக்க ஆரம்பித்தேன். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. கட்டை நடந்தது, அதில் நான் தொங்கினேன். ஆனாலும் அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனேன். அம்மா முகம் தெளிந்தது. அதைப் பார்த்தபிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் அக்குள் சிவந்து தோல் உரிந்தது. மூன்றாம் நாள் விரல்கள் மரத்துப்போயின. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. சொன்னால் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கடைசி வரைக்கும் மாமாதான் கக்கூஸ் வாசலில் நிற்பார் என்று பயம். டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடித்தேன்.

கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, நடைப்பயிற்சி சொல்லித்தருகிற ஒரு அக்கா என்னை நிற்கவைத்துப் பார்த்தார். பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள்.

"இந்தக் கட்டை யாருக்கு வாங்கினீங்க? இவங்க அப்பாவுக்கா?"

"இல்லம்மா, அவளுக்குத்தான். வளர்ற புள்ளன்னு..."

"இதுலயே தொங்கிட்டிருந்தா கை வளராதும்மா. விரலை மடக்கு பாப்பா. எவ்ளோ நாளா மரத்துப்போகுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அக்காவே என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். பிறகு அம்மாவுக்கு அளவு காட்டினார். அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குள் சும்மா துணைக்குத்தான். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், அப்புறம் கட்டை. இறங்கும்போது கட்டை முதலில், அப்புறம் நல்ல கால். மூன்று தடவை என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எதையும் அப்படி மனப்பாடம் செய்ததில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் சட்டைக் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். இறக்கிவிட்டாள். தாம்பரம் வருகிறவரை அந்தக் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து ஒரு ரம்பம் வாங்கிவந்தார். சந்தில் உட்கார்ந்து கட்டையை அறுத்தார்.

"இரும்புன்னா கோடு போட்ட மாரி அறுப்பேன். மரம் என் கைக்கு அடங்காது," என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒரு கட்டையை அறுத்தார். இன்னொன்றை அறுத்தார். இரண்டையும் நிறுத்திப் பார்த்தால் இடது கட்டை கொஞ்சம் உயரம். அதில் கொஞ்சம் எடுத்தார். இப்போது வலது உயரம். அதில் கொஞ்சம். மாமா பக்கத்தில் குந்தி, கண்ணைச் சுருக்கி, "லெப்டு மச்சான். இப்ப ரைட்டு மச்சான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"யோவ், நிறுத்துய்யா," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் போனா பென்சிலுதான் மிஞ்சும்."

அப்பா நிறுத்தினார். அடியில் ரப்பர் புஷ் மாட்டினார். என்னை நிற்கவைத்தார். அம்மா இரண்டு விரலை என் அக்குளுக்குக் கீழே விட்டுப் பார்த்தாள். சரியாக நுழைந்தது. என் ஆயுசில் அளவாகக் கிடைத்த முதல் பொருள் அதுதான். அந்தச் சாயங்காலமே பம்பு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. படி ஏறிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட ஒரு கை வேண்டும். அந்தக் கையில் கட்டை இருக்கிறது. கட்டையைச் சாய்த்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அப்பா ஒரு முழம் பைப்பைப் பட்டறையில் வளைத்து, இரண்டு பக்கமும் தட்டு வைத்து வெல்டு செய்து எடுத்துவந்தார். அதைக் கக்கூஸ் சுவரில் பதிக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார்.

"செவுத்துல கைய வக்கக்கூடாது. இன்னிக்கு நீ ஓட்ட போடுவ. நாளிக்கு நாலாவது வூட்டுக்காரன் போடுவான். சல்லடையாப் பூடும்."

"ஆறு வாரம் முட்ஞ்சதும் கழட்டிட்டுப் பூசிக் குடுக்கறோம்மா," என்றார் அப்பா.

"எதுக்கு இம்மாம் பேஜாரு? சின்னப் பொண்ணுதான. கதவு தொறந்து கெடக்கட்டுமே. யாரு வந்து பாக்கப்போறா?"

அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"அப்படியா? சரி. நீயும் நாளிலேர்ந்து தொறந்து வச்சிகினு போ. யாரும் பாக்கமாட்டோம்."

சந்தில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு முகம் சிவந்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் குரல் உயரவும் இல்லை.

"பொண்ணுன்னா சின்னதோ பெர்சோ, கதவு சாத்திக்கணும். வேணும்ங்கறப்ப போவணும். இந்த வூட்டுக்கு வாடக குடுக்கறேன். ஓட்ட போடக்கூடாதுன்னா சொல்லிடு. இன்னிக்கே சாமான எட்துகினு வேற வூடு பாக்கறேன்."

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். வேறு வீடு என்று அதுவரை யாரும் பேசவில்லை. ஒரு கைப்பிடிக்காக வீடு மாறுவார்களா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. எதற்கு இத்தனை பெரிய சண்டை. "அம்மா, வேண்டாம் விடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஒரு ஓட்டன்னா ஒரே ஓட்டதான்."

"நாலு போல்ட்டு வரும்மா," என்றார் அப்பா.

அப்பா நான்கும் போட்டார்.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மாமா பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அம்மா போகும்போது சொம்பை வைத்தாள். நான் அதை முழுக்கக் குடித்தேன். வேண்டுமென்றே குடித்தேன். ஒன்பதரைக்கு எழுந்தேன்.

வாசல் இறங்கினேன். கட்டை, அப்புறம் நல்ல கால். சந்தில் நடந்தேன். பம்படியில் யாரோ துணி துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சோப்புத் தண்ணீர் கிடந்ததை நான் பார்க்கவில்லை. வலது கட்டை வழுக்கியது. விழுவதற்கு ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது. காலைத் தூக்கு, காலைத் தூக்கு என்று மட்டும் நினைத்தேன். முழங்கையும் இடுப்பும் தரையில் அடித்தன. மாவுக்கட்டு அந்தரத்தில் நின்றது. உரலில் உலக்கையை நிறுத்தின மாதிரி நின்றது. கால் படவில்லை.

மாமா சீக்கிரமே வந்துவிட்டார் போலிருக்கிறது. ஆட்டோவைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"பாப்பா, ஆடாத, ஆடாத. நான் தூக்கறேன்."

"தொடாத மாமா."

"கால்ல பட்ச்சா?"

"படல. நீ தொடாத."

அவர் கையை நீட்டியபடியே நின்றார். நான் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து படியை அடைந்தேன். படியில் உட்கார்ந்தேன். "கட்டையக் குடு," என்றேன். கொடுத்தார். அதை ஊன்றி நல்ல காலில் எழுந்தேன். பாவாடை முழுக்க சோப்பு. நல்ல கால் முதலில், அப்புறம் கட்டை. ஏறினேன். உள்ளே போய்ப் பைப்பைப் பிடித்தேன். கட்டைகளைச் சாய்த்தேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இழுத்துத் தள்ளினேன். போட்டுக்கொண்டது.

இருட்டாக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே மாமா நடந்துபோகிற சத்தம் கேட்டது. ஆட்டோ வரைக்கும் போய்விட்டார்.

சாயங்காலம் மாமா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வழுக்கினது, எழுந்தது, தொடாதே என்று சொன்னது. அப்பா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தாழ்ப்பா போட்டியா?"

"போட்டேன்."

அவள் தலையாட்டினாள். பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

ஆறு வாரம் முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பாதம் நேராக இருந்தது. இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். அப்பா ஸ்பேனரோடு போய்ப் பைப்பைக் கழற்றப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா வந்து, "கெடக்கட்டும் வுடு, உன்ன இன்னா பண்ணிச்சி," என்று தடுத்துவிட்டார். அவருக்கு முட்டிவலி என்று சொன்னேனே.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் நான் ஒரு கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தபோது அம்மாவுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துக் கிட்னியில் கல் என்றார்கள். வேலை போய்விடக்கூடாது என்று, அம்மா எழுந்துவருகிறவரை அவள் வேலைக்கு நான் போனேன். மூன்று வீடு. முதல் வீட்டில் மூன்று பாத்ரூம். டைல்ஸ் பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். இரண்டாவது வீட்டில் இரண்டு. அதையும் கழுவிவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் பாத்ரூம் போய்க்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"கீழே வாட்ச்மேன் ரூம் பக்கத்துல ஒண்ணு இருக்கும்மா. அங்க போயிக்கோ."

கீழே போனேன். அது பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.

மாடிப்படியில் எதிர்வீட்டில் வேலை செய்கிற ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார். என் டம்ளரில் பாதிதான் ஊற்றினார். தனக்கும் பாதி. மிச்சத்தைச் செடியில் கொட்டிவிட்டார்.

"ஏன்க்கா கொட்டிட்ட?"

"மணி பத்துதான ஆவுது. ரெண்டு வரைக்கும் தாங்கணும்ல." அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "உங்கம்மா சொல்லிக் குடுத்த அளவு இது. நான் வேலைக்கு வந்த புதுசுல தெரியாம முழு டம்ளரு குடிச்சிட்டு அழுதுகினு நின்னேன்."

நான் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தில் ஐந்து வீட்டு ஜனமும் கேட்க, கையில் கரண்டியோடு அம்மா போட்ட சண்டை என் காலுக்காக என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பாதி டீயைக் குடித்தேன். மூன்றாவது வீட்டுக்கு ஏறினேன். அங்கே நான்கு பாத்ரூம்.